நடைபாதைக்குப் பூட்டு, ஓட்டத்துக்குத் தடை

ஆசிரியர் அவர்களுக்கு,

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூர் ஒன்றில் திறக்கப்பட்ட "நலவாழ்வு நடைபாதை" பற்றித் தங்கள் இதழில் சென்ற வாரம் வெளிவந்த செய்தியில், நாடா வெட்டியவர் யார், பொன்னாடை பெற்றவர் யார் என்பன குறைவின்றி இடம்பெற்றிருந்தன, ஆனால் மறுநாள் விடியற்காலையில் அப்பாதையின் இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியதும், அதன் அருகே நடப்பட்ட பலகையில் "காலை 6 மணி முதல் 9 மணி வரை மட்டும், ஓடுவதற்கு அனுமதி இல்லை" என்று சிவப்பு எழுத்தில் எழுதப்பட்டிருந்ததும் இடம்பெறவில்லை. ஓடிப் பழகும் இளைஞர்கள் தலைமுறைகளாகப் பயன்படுத்திவந்த ஆற்றங்கரைப் பாதையைப் பறித்து, அதன்மேல் உடல்நலத்தின் பெயரால் ஒரு பாதை போட்டு, அதில் ஓடக் கூடாது என்று அறிவிக்கும் துணிவு எந்த அலுவலகத்துக்கு வந்தது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி.

படித்துறையில் தொடங்கி மருதந்தோப்பின் ஊடாகக் கால்வாய் மடைவரை சென்ற அந்த மண்பாதையை எந்தத் துறையும் அமைக்கவில்லை. குளிக்கப் போனவர்களும், மாடு பத்திப் போனவர்களும், கார், பிசானம் என்னும் இரு போகத்துக்கும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர்களும் நடந்து நடந்து உண்டாக்கிய தடம் அது. அதன் இருபுறமும் நின்ற நீர்மருது மரங்கள், அதாவது வெளிறிய வழவழப்பான பட்டையும் ஆற்று மண்ணைக் கவ்விப் பிடிக்கும் வேர்ச் செறிவும் கொண்டு, கரை அரிக்காமல் காக்கும் மரங்கள், உதிர்த்த இலைகளால் பாதை எப்போதும் மெத்தென்று இருந்தது. நெடுஞ்சாலையின் வெக்கையும் புழுதியும் எட்டாத அத்தோப்பில், காவலர் தேர்வுக்கும் இராணுவ ஆள்சேர்ப்புக்கும் ஆயத்தமாகும் ஊர்ப்பிள்ளைகள் விடியுமுன்னே வந்து ஓடினர். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான உடல்திறன் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள்ளும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 வினாடிக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும் என்பது அரசே விதித்த நிபந்தனை. அதற்கான தூரத்தைப் பிள்ளைகள் கயிறு பிடித்து அளந்து, நூறு மீட்டருக்கு ஒரு மருதமரம் என்று தேர்ந்து, ஒவ்வொன்றின் அடியிலும் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டுவைத்திருந்தனர். கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மடையருகே நின்று நேரம் பார்த்தவர் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஊர்ப் பெரியவர் ஒருவர். இந்த ஏற்பாட்டுக்கு அரசின் செலவு ஒரு காசும் இல்லை. குறையும் அதுவாகத்தான் இருக்க வேண்டும், ஏனெனில் செலவு இல்லாத இடத்தில் ஒப்பந்தப்புள்ளி இல்லை.

இப்போது மரங்களின் இடத்தில் அடிக்கட்டைகள் நிற்கின்றன. சிலவற்றில் அந்தச் சுண்ணாம்பு வளையம் இன்னும் அழியவில்லை. அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட, ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை என்பது விதி. அனுமதி பெறப்பட்டதா என்று ஊரார் வினவியபோது, "கிளைதான் கழித்தோம்" என்று விடை வந்தது. அடியோடு அறுத்து லாரியில் ஏற்றிய பின்னும் அது கிளைதான் என்றால், தோப்பு முழுவதையும் கிளைக் கணக்கில் எழுதிவிடலாம்.

அடிக்கட்டைகளுக்கு இடையே மண்பாதை இருந்த இடத்தில் பதிக்கப்பட்டிருப்பவை சிவப்பும் சாம்பலுமான பேவர் பிளாக் கற்கள். இக்கற்கள் சிமெண்டால் ஒட்டப்படுவதில்லை. மணல் படுகையின்மேல் ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கப்பட்டு, ஓரக்கல்லின் பிடிப்பில் நிற்பவை. ஓரம் அரிபட்டு அடிமணலைத் தண்ணீர் இழுத்துக்கொண்டால் கற்கள் அமிழ்ந்து பல்லிளிக்கும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானதையும், தாமிரபரணி கரை கடந்து ஊர்களுக்குள் புகுந்ததையும் தங்கள் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அத்தகைய வெள்ளம் வந்துபோன ஆற்றின் விளிம்பில், கரையைப் பிடித்திருந்த மரங்களை அறுத்துவிட்டு, மணல்மேல் கல் அடுக்குவதைப் பொறியியல் என்று அழைப்பது அத்துறையைக் கற்றவர்களுக்கு இழைக்கும் அவமதிப்பு. வெள்ளம் வரை காத்திருக்கவும் தேவைப்படவில்லை. ஆற்றின் ஈரத்தில் கற்கள்மேல் பாசி பிடித்துவிட்டது. ஓடினால் வழுக்கும் என்பதால்தான் ஓட்டத்துக்குத் தடை என்று விளக்கம் தரப்படுகிறது. வழுக்கும் பாதையைப் போட்டவர்மேல் நடவடிக்கை இல்லை, ஓடுபவர்மேல் தடை உண்டு.

தடையின் விளைவை நேரில் காண விரும்புவோர் விடியற்காலை நான்கரை மணிக்கு மாநில நெடுஞ்சாலைக்கு வரலாம். தோப்பில் ஓடிய பிள்ளைகள் இப்போது தார்ச்சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி, கையில் செல்பேசி விளக்கை எரியவிட்டுக்கொண்டு வரிசையாக ஓடுகின்றனர். எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரிகள் அவர்களின் தோளை உரசும் தொலைவில் விரைகின்றன. ஒவ்வொரு லாரிக்கும் அவர்கள் சாலையோரச் சரளையில் இறங்கி நின்று, அது கடந்தபின் மீண்டும் ஏறி ஓடத் தொடங்குகின்றனர். பெண்பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டனர். பெண்களின் பாதுகாப்புக்காகவே கதவு போடப்பட்டது என்று கூறுவோர், அக்கதவு பெண்களை எங்கே அனுப்பியிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுக் கூறட்டும். இருட்டில் பாம்பு வரும் என்பது இன்னொரு வாதம். பாம்பு அங்கே எப்போதும் இருந்தது, பிள்ளைகளும் இருந்தனர். நிதி காலாவதியாகிவிடும் என்பது மூன்றாவது வாதம். அதற்கு மறுமொழி கூறுவதே வீண். வளர்ச்சியை எதிர்ப்பவர்கள் என்ற பட்டமும் ஊராருக்குச் சூட்டப்பட்டுவிட்டது. படித்துறைக்கு ஒரு மின்விளக்கும், உடைந்த இரு படிகளுக்குச் செப்பனிடலும் கேட்டு அவர்கள் அளித்த மனுக்கள் எந்த வளர்ச்சியில் சேர்ந்தன என்பது தெரியவில்லை.

இதே அரசுதான் 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதையை வகுத்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின்கீழ் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுத்தும் வருகிறது. திட்டங்கள் நல்லவையே. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து தரும் ஊரில், சர்க்கரை குறைய நடந்த பாதைக்குப் பூட்டுப் போடுவது, ஒரு துறை செய்வது மற்றொரு துறைக்குத் தெரியாது என்பதற்குச் சான்றாகவே நிற்கிறது. தலைநகரில் மாரத்தான் நடந்தால் சாலையை அடைத்து வழிவிடும் அதிகாரம், சிற்றூரில் ஓடுபவனுக்கு வழியையே அடைத்துவைக்கிறது.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி ஆறும் அதன் கரையும் பொதுப்பாதையும் அரசுக்கு உரியவை. ஆற்றுப் புறம்போக்கு, அதாவது பட்டா வழங்கப்படாமல் ஆற்றுக்கென ஒதுக்கப்பட்ட நிலம், எவர் விருப்பத்துக்கும் வேலி கட்டும் இடமன்று. ஊரின் 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அப்பாதை எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பதை வருவாய்த் துறை ஒரு முற்பகலில் எடுத்துக் காட்டிவிட முடியும். கதவு போடும் முன் கிராமசபையில் தீர்மானம் நிறைவேறியதா என்பதற்கும் பதிவு இருக்க வேண்டும். ஊரார் நினைவில் அப்படியொரு தீர்மானம் வாசிக்கப்பட்டதே இல்லை.

ஆகவே அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராமசபையில், இப்பணியின் மதிப்பீடும், 'எம் புக்' என்று அலுவலகங்களில் வழங்கப்படும் அளவுப் புத்தகமும், மரம் வெட்டிய அனுமதி ஆணையும், வெட்டிய மரம் ஏலம் போன கணக்கும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அதற்கு முன்பே கதவு கழற்றப்பட வேண்டும். கதவைக் கழற்ற ஆணை வேண்டும், ஆணைக்குக் கோப்பு வேண்டும் என்று விடை வருமானால், சாவியையாவது ஊரில் வைக்கட்டும். தற்போது அது ஒப்பந்ததாரரின் காவலாளியிடம் இருக்கிறது. அவர் ஆறு மணிக்கு வர வேண்டியவர், முதல் பேருந்தில் வருகிறார், முதல் பேருந்து ஏழரைக்குத்தான்.

இங்ஙனம்,
தாமிரபரணிக் கரை வாசகர்,
திருநெல்வேலி மாவட்டம்