மாட்டையும் பாறையையும் ஒன்றாகக் கட்டாதீர்கள்

ஜப்பானுக்கு வேலைக்குப் போக மொழி படிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது. ஜப்பானிய மொழியில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு வினைகளாம். உயர்திணைக்கு 'இரு', அஃறிணைக்கு 'அரு', அவ்வளவுதானாம். தமிழனுக்கு அல்வா சாப்பிடுவது மாதிரியாம். கடைசியில் பெருமையாக, "நம்மிடமிருந்து போனதுதான்!" எங்கள் ஜவ்வாது மலைப் பிள்ளைகள் சிலர் எனக்கு அனுப்பி, "சரியா ஐயா?" என்று கேட்டார்கள். வினைகள் இரண்டு என்பது மட்டும் சரி. மற்றதெல்லாம் தப்பு.

ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை முதலில் எதை எழுதிப் பழகும்? எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது, ஆடு இருக்கிறது, கோழி இருக்கிறது. எல்லாம் அஃறிணை. குறிப்பை நம்பி மூன்றுக்கும் 'அரு' போட்டால் மூன்றும் தப்பு. மாட்டுக்கும் நாய்க்கும் எறும்புக்கும் அங்கே 'இரு'தான். நாம் கோடு போடுவது மனிதருக்கும் மற்றவைக்கும் நடுவில். மாடும் பாறையும் நமக்கு ஒரே பக்கம். அவர்கள் போடுவது தானாக அசைவதற்கும் அசையாததற்கும் நடுவில்.

உயிருள்ளது, உயிரில்லாதது என்று பிரித்தாலும் போதாது. சந்தன மரத்துக்கு உயிர் உண்டு. தொல்காப்பியமே புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்கிறது. ஜப்பானியர் மரத்துக்கு 'அரு' என்பார்கள். நீந்தும் மீனுக்கு 'இரு', கடையில் விற்கும் மீனுக்கு 'அரு'. ஓட்டுநரோடு நிற்கும் டாக்சிக்கு 'இரு' சொல்வதும் உண்டு!

இன்னும் கேளுங்கள். "குழந்தை அழுகிறது" என்று அஃறிணையில் முடிக்கிறோம். அங்கே குழந்தைக்கு 'இரு'. "சூரியன் உதித்தான்" என்கிறோம். அங்கே சூரியனுக்கு 'அரு'. "பேய் இருக்கு" என்று நாம் அஃறிணையில் பயப்படுகிறோம். அவர்கள் பேய்க்கும் 'இரு' போட்டுத்தான் பயப்படுகிறார்கள்.

நம் பக்கத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். கல் என்றால் இருக்கிறது, வேடியப்பன் என்றால் இருக்கிறார். அங்கேயும் கல்லுக்கு 'அரு', சாமிக்கு 'இரு'. இப்படி ஒத்துப்போகும் இடங்களும் உண்டு. அதை வைத்து மொத்தத்துக்கும் சூத்திரம் எழுதினால் எப்படி?

அடுத்து அந்தப் பெருமை. நம் 'இரு'வுக்கு உட்கார் என்றும் பொருள், அவர்களுடைய 'இரு'வுக்கும் பழைய பொருள் அதுவே. மயக்கம் வரத்தான் செய்யும். ஆனால் அவர்கள் சொல் பழங்காலத்தில் 'விரு' என்று வகரத்தோடு ஒலித்தது. அதைவிட முக்கியம், பழைய ஜப்பானியத்தில் மனிதர் இருப்பதற்கும் 'அரு'வின் மூல வடிவத்தையே சொன்னார்கள். "ஒரு ஊரில் ஒரு தாத்தா இருந்தார்" என்கிற கதைத் தொடக்கத்தில் அது இன்னும் மிச்சமிருக்கிறது. அதாவது இந்தப் பிரிவினையே அவர்களிடம் பிற்பாடு வந்தது. நாம் எந்தக் காலத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம்? ஓனோ சுசுமு தமிழையும் ஜப்பானியத்தையும் ஒப்பிட்டுப் பல்லாண்டு உழைத்தவர். அந்த உழைப்புக்கு மரியாதை உண்டு. அவர் முடிவை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதற்கு நெருங்கிய ஜோடி சிங்களத்தில் இருக்கிறது. கொழும்புத் தமிழரைக் கேளுங்கள். மாட்டுக்கு 'இன்னவா', கல்லுக்கும் மரத்துக்கும் 'தியெனவா'. அதற்காகச் சிங்களம்தான் ஜப்பானுக்குக் கப்பலேறியது என்று ஒருவர் எழுதினால் சிரிக்க மாட்டோமா?

எனக்கேன் இவ்வளவு கோபம்? 2021-இல் இந்தியா ஜப்பானோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டபின், முதியோர் பராமரிப்பு மாதிரி வேலைகளுக்கு வழி திறந்திருக்கிறது. அதற்கு என்4 அளவுக்காவது மொழி வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாகப் பாஸ்போர்ட் எடுத்த பிள்ளை, கடன் வாங்கிப் பயிற்சிக்குப் பணம் கட்டுகிறது. அதன் கையில் அடிப்படையே தப்பான தாளைக் கொடுப்பது என்ன தமிழ்ப்பற்று?

பயிற்சி மையத்தாரே, அந்தக் குறிப்பை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளே, உங்கள் தொழுவத்தில் உள்ள மாடு கன்றுக்கு 'இரு', முளைக்குச்சிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் 'அரு' போட்டுப் பத்து வாக்கியம் எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தித் தருகிறேன்.