கூரை யாருடைய பொறுப்பு? தங்கவயலின் லைன் வீடுகளும் கோடைச் சூறைக்காற்றும்

கோலார் தங்கவயலைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் நிலத்தின் அடியையே பார்த்திருக்கிறார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கிய சாம்பியன் ரீஃப், அங்கு நிகழ்ந்த பாறை வெடிப்புகள், தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்கள், 1930-இன் வேலைநிறுத்தம், 2001 பிப்ரவரி 28-இல் வந்த மூடல் என்று அந்த ஆய்வுகளின் பட்டியல் நீளும். அவை தேவையானவை. ஆனால் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்த தொழிலாளி எந்தக் கூரையின் கீழ் படுத்தார், காற்றும் மழையும் வந்த இரவில் அந்தக் கூரை என்ன ஆனது என்ற கேள்வி அந்தப் பட்டியலில் அரிதாகவே இடம் பெறுகிறது. சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பாறை வெடிப்பின் அச்சம் நீங்கிவிட்டது. கூரையின் அச்சம் ஒவ்வொரு ஏப்ரலிலும் மே மாதத்திலும் திரும்பி வருகிறது.

வடக்கே பாலகாட் தொடங்கித் தெற்கே மாரிக்குப்பம் வரை நீளும் இந்த வயலில் தொழிலாளர்களுக்கென அமைந்த குடியிருப்புகளுக்கு ‘லைன்’ என்று பெயர். வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஜான் டெய்லர் நிறுவனத்தின் காலத்தில் கிடைத்தவை மூங்கில் தட்டிச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட ஓரறைக் குடில்கள். பின்னர் பல இடங்களில் தட்டி போய்ச் சுவர் வந்தது. தகரம் பெரும்பாலும் தகரமாகவே நின்றது. துருப்பிடித்த தகடு, ஆட்டம் கண்ட ஆணி, அவற்றின் மேல் பாரமாக ஏற்றி வைத்த கல், பழைய டயர்: தங்கவயலின் லைன்களில் நடந்தவர் எவருக்கும் பழக்கமான காட்சி இது.

இந்தக் கல்லும் டயரும் காற்றைத் தாங்குமா என்பதை எளிய கணக்கால் அறியலாம். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். இந்தியக் கட்டடத் தர விதியான ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி தரும் வாய்ப்பாட்டின்படி, மணிக்கு 60 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 17 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைத் தரும். பத்தடிக்குப் பத்தடி அறையின் கூரைப் பரப்பு ஏறத்தாழ 9.3 சதுர மீட்டர். அந்த அழுத்தம் முழுவதும் கூரையை மேல்நோக்கி இழுப்பதாகக் கொண்டால் விசை 160 கிலோவை எட்டும். வழக்கமான நெளி தகரத்தால் ஆன அதே கூரையின் எடையோ 50 கிலோவுக்கு உட்பட்டது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். அதே விதி பெங்களூருக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர், அதாவது மணிக்கு 119 கி.மீ. அந்த வேகத்தில் இந்தச் சின்னஞ்சிறு கூரையை 600 கிலோவுக்கு மேற்பட்ட விசை பிடுங்கும். நான்கைந்து கற்களால் அதைத் தடுக்க இயலாது. தகரம் எழும்போது கற்களும் விழும். அவை விழுவது அடியில் படுத்திருப்பவர் மேல்.

இன்னொரு நுட்பமும் உண்டு. காற்று வரும் பக்கத்துக் கதவு திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளியே ஓடும் காற்று மேலிருந்து உறிஞ்சும். இரண்டும் சேரும் நொடியில்தான் கூரை பறக்கிறது. புயலில் கதவு சன்னலைத் திறந்துவிட்டால் அழுத்தம் சமமாகும் என்று பலர் நம்புவது தவறு. அடைத்து வைப்பதே முறை.

எடை குறைந்த வீட்டில் வாழ்வோர் கடுங்காற்றை எப்படி எதிர்கொள்வது என்ற கேள்வி மிக விரிவாக ஆராயப்பட்ட நாடு அமெரிக்கா. அங்கே ‘மொபைல் ஹோம்’ எனப்படும் நடமாடும் வீடுகளிலும், பயண ஊர்திகளையே வீடாக்கிக்கொண்டும் பெருந்தொகையினர் வாழ்கின்றனர். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தாக்கியபோது புளோரிடாவின் ஹோம்ஸ்டெட் நகரில் இருந்த 1,176 நடமாடும் வீடுகளில் 1,167 முற்றாக அழிந்தன. அதன் பின்னர், 1976 முதல் நடப்பில் இருந்த கட்டுமான விதிகள் 1994-இல் கடுமையாக்கப்பட்டன. தரையில் நங்கூரமிடுதல், பட்டைகளால் இறுக்கிக் கட்டுதல் ஆகியன வலியுறுத்தப்பட்டன. இருந்தும் சூறாவளியில் வீட்டுக்குள் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய வீடுகளில் இருந்தவர்களே. ஆகவே அந்நாட்டு வானிலைப் பணியகத்தின் அறிவுரை சுருக்கமானது: காற்று வருமுன் வெளியேறி உறுதியான கட்டடத்துக்குச் செல்லுங்கள்.

வெளியேறு என்று சொல்வது எளிது. எங்கே செல்வது? இந்தக் கேள்விக்குச் சட்டத்தால் விடை தந்த மாநிலங்களுள் ஒன்று மினசோட்டா. நடமாடும் வீடுகளில் வாழ்வோருக்கு வீடு சொந்தமாக இருக்கலாம். வீடு நிற்கும் மனை பெரும்பாலும் வேறொருவருடையது. 1988-க்குப் பின் உரிமம் பெற்ற, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மனைகள் கொண்ட குடியிருப்புப் பூங்காவின் உரிமையாளர் புயல் காப்பிடம் அமைத்துத் தர வேண்டும் என்று அம்மாநிலச் சட்டம் கூறுகிறது. பழைய பூங்காக்களில் காப்பிடமோ, ஏற்கப்பட்ட வெளியேற்றத் திட்டமோ இருக்க வேண்டும். நிலம் எவருடையதோ அவருக்கே அடைக்கலம் தரும் கடமை என்பது இதன் உட்பொருள். தங்கவயலில் இருந்து நோக்குவோருக்கு இந்தச் சட்டத்தில் கவனிக்கத்தக்க வரி இதுவே.

அடைக்கலம் இல்லாத எச்சரிக்கை என்னவாகும் என்பதற்குத் தமிழர் வாழ்விலிருந்தே ஒரு சான்று உண்டு. இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தின் லயன் வீடுகள் 2014 அக்டோபர் 29-இல் மண்சரிவில் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது, மக்கள் அகல வேண்டும் என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை தரப்பட்டிருந்தது. நிலமும் வீடும் தமக்குச் சொந்தமில்லாத தோட்டத் தொழிலாளர்கள் எங்கே அகல்வார்கள்? தங்கவயலின் லைனும் மலையகத்தின் லயனும் பெயரால் மட்டும் உறவுடையவை அல்ல. இரண்டிலும் வேலை தந்தவரே கூரையையும் தந்தார். வேலை போன பின் அல்லது கூலி தேய்ந்த பின் அந்தக் கூரை யார் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்படாமல் போனது.

எச்சரிக்கையும் அடைக்கலமும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஒடிசா சான்று. 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதற்குப் பின் கடலோரம் நெடுகப் புயல் காப்பகங்கள் எழுந்தன; பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் உருவாயினர். 2019 மே மாதம் ஃபானி புயல் தாக்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். அங்கு உயிரிழந்தோர் எண்ணிக்கை 64.

ஆனால் ஒடிசாவின் வழி கடற்கரைக்குரியது. புயல் நான்கைந்து நாட்களுக்கு முன்பே வரைபடத்தில் தெரியும். கடலிலிருந்து தொலைவில், 800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த தங்கவயலில் கூரையைப் பெயர்ப்பது பெரும்பாலும் பெயர் சூட்டப்படாத கோடை இடிமழைக் காற்று. பிற்பகலில் மேகம் திரண்டு மாலைக்குள் முடிந்துவிடும். இதற்கு வானிலைத் துறை தரும் உடனடி முன்னறிவிப்பின் கால எல்லை மூன்று மணி நேரம். அது கைப்பேசிக்கு வந்து, படித்து, பிள்ளைகளையும் முதியோரையும் கிளப்புவதற்குள் மிஞ்சும் நேரம் சொற்பம். ஆகவே உள்நாட்டில் காப்பிடம் என்பது ஐந்து நிமிட நடையில் எட்டக்கூடியதாக இருந்தால்தான் பயன் உண்டு.

சட்டமும் இக்காற்றைக் கண்டுகொள்வதில்லை. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்காக ஒன்றிய அரசு நெடுங்காலமாக வைத்திருக்கும் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, ஆலங்கட்டி மழை உள்ளிட்ட 12 பேரிடர்கள் இருந்துவந்துள்ளன. புயலைச் சேராத சூறைக்காற்றுக்கும் மின்னலுக்கும் அதில் நெடுங்காலம் இடமில்லாமல் இருந்தது. மின்னலால் மட்டும் 2022-இல் இந்தியாவில் 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. தம் பகுதிக்குரிய பேரிடர்களை மாநிலங்களே அறிவித்து, நிதியில் பத்து விழுக்காடு வரை செலவிட விதி இடமளிக்கிறது. கேரளம் மின்னலையும் பலத்த காற்றையும் அவ்வாறு அறிவித்தது. கோடைக் காற்றால் கூரை இழக்கும் உள்நாட்டு மாவட்டங்கள் எவையாயினும் இந்த வழி அவற்றுக்கும் பொருந்தும்.

மின்னலைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே களைய வேண்டும். நாற்புறமும் உலோகம் சூழ்ந்த காரில் இருப்பவர் பெரிதும் பாதுகாப்பாக இருக்கிறார். மின்னோட்டம் உலோகக் கூட்டின் வழியே ஓடித் தரையை அடைந்துவிடும். தகரக் கூரை வீடும் அப்படித்தான் என்று கருதுவது பிழை. மரத்தூணின் மேலோ செங்கல் சுவரின் மேலோ கிடக்கும் தகரத்துக்குத் தரையோடு இணைப்பு இல்லை. ஆகவே மின்னோட்டம் கூரையிலிருந்து உள்ளே இருப்பவர் மேல் பாயக்கூடும். நாரிழைக் கூட்டால் ஆன பயண ஊர்திகளில் தங்குவோருக்கும் அமெரிக்காவில் இதே எச்சரிக்கைதான் தரப்படுகிறது.

மக்களே தம் கூரையைச் சரிசெய்துகொள்ளலாமே என்ற வாதம் எழும். செய்யக்கூடியவை உண்டு. ஆணியை எடுத்துவிட்டு வளைகொக்கி போல்ட்டும் வாஷரும் பொருத்தலாம். காற்றின் இழுப்பு மிகுதியாகத் தாக்கும் விளிம்பிலும் மூலையிலும் அவற்றை நெருக்கமாக இடலாம். கூரைச் சட்டத்தைச் சுவரோடு கம்பியால் பிணைக்கலாம். காற்று எழும்போது மெயின் சுவிட்சை அணைக்கலாம். சயனைடு மேடுகளை ஒட்டிய லைன்களில் தண்ணீர்க் குடங்களை மூடி வைக்கலாம். மழைக்கு முன் வரும் காற்று அந்த மேடுகளின் தூளையும் சுமந்துவரும். இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று.

எனினும் தன் பெயரில் இல்லாத வீட்டுக்கு எவர் செலவு செய்வார்? பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின்னும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் பல லைன்களிலேயே தங்கின; நிலமோ நிறுவனத்தின் பெயரில் நின்றது. வீட்டுரிமைக் கோரிக்கை ஆண்டுக்கணக்கில் நீண்டது. நாளை வெளியேறச் சொல்வார்களோ என்ற ஐயம் உள்ள வீட்டில், ஒரு போல்ட் கூட வீண்செலவாகத் தோன்றும். கூரையின் உறுதி இப்படிப் பட்டாவின் உறுதியைச் சார்ந்திருக்கிறது. இதை மக்களின் அலட்சியம் என்று எழுதும் ஆய்வு, காரணத்தை விட்டு விளைவைப் பழிக்கிறது.

எல்லோருக்கும் காங்கிரீட் வீடு வந்தால் சிக்கல் தீரும் என்பார்கள். தீரும். அந்த வீடு வரும் வரை எத்தனை கோடைகள் கழியும் என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. இடைக்காலத்துக்கு வேண்டியது புதுக் கட்டடமும் அன்று. சுரங்கக் காலத்துக் கல் கட்டடங்கள், பள்ளிகள், தேவாலயங்கள், சமுதாயக் கூடங்கள் தங்கவயலில் உள்ளன. ஒவ்வொரு லைனுக்கும் அருகிலுள்ள உறுதியான கட்டடம் எது, இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கும், நடக்க இயலாதவரைத் தூக்கிச் செல்வோர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு ஏப்ரலுக்கு முன் எழுத்தில் விடை வேண்டும். அதைத் தரும் கடமை முதலில் நிலத்தை வைத்திருப்பவருக்கும், அடுத்து நகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் உரியது.

2024 ஜூனில் இங்குள்ள 13 சயனைடு மேடுகளிலிருந்து எஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகளின் பரப்பும் எடையும் கணக்கிடப்பட்டுள்ளன. மேடுகளின் அடியில் வாழ்வோரின் கூரைகளுக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். எத்தனை கூரைகள் ஆணியில் நிற்கின்றன, எத்தனை கல்லில் நிற்கின்றன, எந்த லைன் உறுதியான கட்டடத்திலிருந்து எத்தனை நிமிட நடையில் உள்ளது என்பதை ஒரு கல்லூரியின் சமூகவியல் மாணவர்களும் கட்டடப் பொறியியல் மாணவர்களும் சேர்ந்தால் ஒரு பருவத்துக்குள் எண்ணி முடித்துவிடலாம். பாறையின் அசைவைக் கேட்டறிய 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் இது. அந்த ஊரில் தகரத்தின் அசைவை அளக்க ஆய்வு முன்வர வேண்டும். பாலகாட்டிலிருந்தே அதைத் தொடங்கலாம்.