அடங்கிய குதிரையும் நம்பிய குதிரையும்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில், ‘அன்பினால் ஆகாத காரியம் இல்லை’ என்னும் பொருள்பற்றி ஒரு சொற்போர் நிகழ்ந்தது. ஆம் என்னும் கட்சியில் நின்று பேசினோருள் யானும் ஒருவன். கைதட்டல் மிகுதியாகவே கிடைத்தது. ஆயினும் அதன்பின் வந்த கோடை விடுமுறையில், ஒரு குதிரையின் முன்னே நின்றபோது, அன்று பேசியவற்றுட் பெரும்பகுதியை யான் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. மேடையிற் பேசியதை மேடையிலேயே மறுத்தல் முறை. அதற்கு இடமில்லாமையால் இவ்விதழின் பக்கங்களை நாடுகின்றேன்.

எம் தாய்மாமன் கால்நடை மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பொருநைக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில், வீட்டின் பின்புறத்தே மூங்கில் வேலியிட்ட தோட்டத்தில், செவலைப் பெட்டைக் குதிரை ஒன்றை வைத்திருக்கின்றார். அஃது இளமையிற் பந்தய வண்டியிலும், பின்னர்க் கலியாண ஊர்வலத்துச் சாரட்டு வண்டியிலும் பூட்டப்பட்டது. ஓரிரவு, மேளமும் வெடியும் முழங்கிய ஒரு மாப்பிள்ளை அழைப்பில், தெருநடுவே கால்மடிந்து வீழ்ந்தது. வீழ்ந்ததை அடித்தெழுப்புவதைக் கண்ட மாமா, மறுநாளே விலைபேசி வாங்கிவந்துவிட்டார். யான் மே மாதத்தின் தொடக்கத்தில் அங்குச் சென்றபோது அது வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கடைவாயின் இருபுறமும் கடிவாளம் அறுத்த வடு, பிடரிமயிர் முடியுமிடத்தில் ஆறாத புண், விலாவெலும்புகளை எண்ணிவிடலாம். எவரேனும் தோளிலிருந்த துண்டை உதறினாற் போதும், தோட்டத்தின் மறுகோடியிற் போய் நின்று நடுங்கும்.

முதலில் யான் கண்டு வியந்தது அதற்கு உணவிட்ட முறையே. பட்டினி கிடந்த குதிரைக்குக் கொள்ளும் தானியமும் வயிறாரக் கொடுத்தலே இரக்கம் என்று யான் எண்ணியிருந்தேன். அது கொலைக்கு ஒப்பானது என்றார் மாமா. நெடுநாள் மெலிந்த உடம்பினுள் மாவுச்சத்து மிக்க தீனி ஒருசேரப் புகுமாயின், குருதியிலுள்ள உப்புக்கள் நிலைகுலைந்து, இதயமும் மூச்சும் தடுமாறி, உயிர் போதலும் உண்டாம். ஆதலின் குதிரைமசாலைச் சிறுசிறு பிடியாக, நான்கு மணிக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்து கொடுத்துவந்தார். பல நாட்கள் கழிந்த பின்னரே அளவை உயர்த்தினார்.

குதிரையின் இயல்பறியாமை நம் நாட்டார்க்கு நேற்று வந்ததன்று. பாண்டியர் ஆட்சியின்போது, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகரத்தார், ஈண்டு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கடல்வழியாக வந்திறங்கியதையும், பேணும் வகை தெரியாமையால் அவற்றுட் பெரும்பாலன ஆண்டு முடியுமுன் இறந்துபட்டதையும் எழுதிவைத்துள்ளார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்து அவற்றுக்கு ஊட்டினராம்! புரவி, பரி, இவுளி, கலிமா என்று பெயர் அடுக்கத் தெரிந்த நமக்குப் புல்லிடத் தெரியவில்லை போலும். அவர் குறிப்பிடும் காயல் துறைமுகம் இருந்த இடம் எம் மாமாவின் ஊருக்கு நெடுந்தொலைவன்று. இது நிற்க.

என் சொற்போர்ப் பேச்சில் யான் பெரிதும் நம்பி எடுத்துக்காட்டியது ரேரி என்பாரது வரலாறு. ஜான் சாலமன் ரேரி அமெரிக்காவில் ஒஹையோ நாட்டினர், 1827-இற் பிறந்தவர். சாட்டையின்றியே எத்தகைய முரட்டுக் குதிரையையும் வசப்படுத்துவார் என்று பெயர்பெற்றவர். இங்கிலாந்து சென்று, 1858-இல் விக்டோரியா அரசியார் முன்னிலையிலும் தம் திறமையைக் காட்டினார். அவ்வாண்டிலேதான் குரூசர் என்னும் பந்தயக் குதிரையை அவரிடம் விட்டனர். அது வாய்க்கு இரும்புக்கூடு மாட்டிக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அருகே சென்றாரைக் கடித்துக் குதறவல்லது. ரேரி சில மணிநேரத்திற்குள் அதனைத் தொட்டுத் தடவி, மேலேறியும் காட்டினார். நாடே வியந்தது. யானும் வியந்தேன், அவையோரையும் வியக்கச்செய்தேன்.

ஆனால் அவர் அதனைச் செய்த வகையை யான் அவையிற் சொல்லவில்லை. அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவுமில்லை. குதிரையின் முன்கால் ஒன்றை மடக்கி வாரினாற் கட்டிவிடுவார். மூன்று காலால் நின்று போராடி அது களைத்தபின், மற்றைய முன்காலையும் இழுத்து மண்டியிடச்செய்து, மெல்லக் கீழே படுக்கவைப்பார். எழ முயன்று முயன்று தோற்றுக் கிடக்கும்போது உடம்பு முழுதும் இதமாகத் தடவிக்கொடுப்பார். கட்டவிழ்த்தால் எழுந்து நிற்கும், எதிர்க்காது.

ரேரியைக் கொடியவர் என்று கூறுதல் நன்றியற்ற செயலாகும். சாட்டையும் முள்ளுமே குதிரைப் பயிற்சியென்றிருந்த காலத்தில், அச்சத்தாலும் அறியாமையாலுமே குதிரை முரண்டுகின்றதென்று ஊர்தோறும் சென்று சொன்னவர் அவர். குரூசரைத் தம்முடன் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்று பேணினார். அவர் 1866-இல் இளமையிலேயே மறைந்தபின்னும் அஃது ஒன்பது ஆண்டுகள் உயிர்வாழ்ந்தது. எனினும் அந்தச் சில மணிநேரத்தில் குரூசர் கற்றது யாது என்பதே என் வினா. எவ்வாறு முயன்றாலும் இக்கையிலிருந்து தப்ப வழியில்லை என்பதைக் கற்றது. இந்த மனிதன் நல்லவன் என்பதைக் கற்றது என்று துணிதற்கு அவ்வளவு நேரம் போதாது. 1967-இல் அமெரிக்க உளநூலார் நாய்களைக்கொண்டு செய்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. தப்பவியலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களிற் பல, பின்னர்த் தப்பும் வழி எதிரே இருந்தும் முயலாமற் கிடந்தன. அவற்றின் அமைதியை நம்பிக்கை என்று எவரும் சொல்லார்.

ஈண்டுக் குதிரையின் பிறவி இயல்பையும் கருதவேண்டும். அது வேட்டையாடும் விலங்கன்று. ஓடிப் பிழைக்கும் விலங்கு. கண்கள் தலையின் இருபக்கத்தும் அமைந்திருத்தலால், ஏறத்தாழத் தன்னைச் சுற்றிலும் உள்ளவற்றை ஒருங்கே காணும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னுமே அதற்குப் புலனாகா. நாமோ அன்பு மிகுதியால் அந்த நெற்றிக்கு நேராகவே கையை நீட்டிக்கொண்டு விரைகின்றோம்! தப்பியோட இடமிருக்கும்வரை அச்சமுற்ற குதிரை தாக்குவது அரிது. ஓட்டத்தை நாம் தடுத்தபின்னரே உதையும் கடியும் பிறக்கின்றன. அவையும் பயனற்றுப்போனால் இறுதியில் மரம்போல நின்றுவிடும். அந்நிலையைத்தான் நாம் ‘குதிரை அடங்கிவிட்டது’ என்று மகிழ்ந்து கூறுகின்றோம்.

மாமா செய்தது கண்ணுக்கு ஒன்றுமே செய்யாதது போலிருந்தது. காலையும் மாலையும் ஒரு முக்காலியைத் தோட்டத்தினுள் இட்டு, குதிரைக்குப் பக்கவாட்டாக அமர்ந்து, செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அதன் முகத்தைப் பாரார், அழையார். அது கழுத்தை உயர்த்தி விறைத்து நின்றால், எழுந்து சில அடி அப்பாற் போய்விடுவார். முதற் கிழமையில் எனக்குச் சலிப்பே மிகுந்தது.

“வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் வராதா மாமா?” என்றேன்.

“வரும், மருமகனே. வெல்லத்தின்மேல் ஒரு கண், உன் மற்றக் கைமேல் ஒரு கண் வைத்துக்கொண்டு வரும். நான் போகும்போது அது என்னைப் பார்த்து ஓர் அடி வைக்கட்டும்; எனக்கு அது போதும்” என்றார்.

அவ்வாறே, ஒருநாள் அவர் எழுந்து அகன்றபோது அது பின்னே இரண்டடி வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பாராமை எத்துணை அரிய செயல் என்பதை அன்று உணர்ந்தேன். பின்னர்ச் சின்னாட்களில் அவரது சட்டையை முகர்ந்தது. புண் ஆறியபின், பிடரி முடியும் மேட்டருகே விரல்களாற் சொறிந்துகொடுத்தார். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் வருடிக்கொள்ளும் இடம் அது. அவ்விடத்தைச் சொறிந்தால் குதிரையின் நாடித்துடிப்பு தணிகின்றதென்பதைப் பிரான்சில் கமார்க்குக் குதிரைகளைக்கொண்டு ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டுள்ளனர். முகத்தைத் தட்டிக்கொடுப்பதே அன்பென்று நினைக்கும் நமக்கு இதுவும் ஒரு பாடம். ஒவ்வொரு முறையும் அவர் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அது விலகிச் சென்றால் அத்துடன் அன்றைய வேலை முடிந்தது.

புண்ணுக்கு மருந்திடவும், குளம்பைத் திருத்தவும், ஊசி போடவும் குதிரை சம்மதிக்கும்வரை காத்திருத்தல் இயலுமோ என்று அன்பர்கள் வினவலாம். இயலாது. மாமாவும் இருமுறை அதனைக் கட்டிப் பிடித்தே மருந்திட்டார். உயிர் காக்கக் கட்டுதல் வேண்டியதே. ஆயின் அக்கட்டுக்கு ஒரு விலை உண்டென்பதை அவர் மறந்திலர். அவ்விருமுறையும் முக்காலி பின்னுக்குப் போய்விட்டது. யான் பழிப்பது, தேவையின்றி, நம் பெருமைக்காகவும் அவசரத்துக்காகவும் கட்டுவதையே. அதனைச் செய்தவனும் யானே.

நான்காம் கிழமையில் அது என் கையிலிருந்தும் வெல்லம் உண்ணத் தொடங்கியிருந்தது. ஒரு மாலை மாமா வெளியே போயிருந்தார். மைத்துனர் இருவரும் அவர்தம் நண்பரும் வேலிக்கு வெளியே நின்றனர். குதிரை என்னிடம் வரும் காட்சியைக் கைப்பேசியிற் படமெடுக்க வேண்டுமென்றனர். எனக்கும் விருப்பமே. அது வந்தது, வெல்லத்தைத் தின்றது. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். மறைத்து வைத்திருந்த கயிற்றை அதன் கழுத்தில் மெல்லப் போட்டேன். அது பின்வாங்கிற்று. விட்டிருக்கலாம். பலரும் பார்த்துக்கொண்டிருந்தமையால் விடவில்லை, இழுத்தேன். ‘ஏய்!’ என்று அதட்டியும்விட்டேன். அது முன்கால் தூக்கி எழுந்து, கயிற்றைப் பறித்துக்கொண்டு ஓடிற்று. என் உள்ளங்கை உரிந்து போயிற்று. குதிரை அன்றிரவு தீனி தொடவில்லை.

மாமா என்னை வையவில்லை. “இனி நீ வேலிக்கு வெளியே உட்கார்” என்றார், அவ்வளவே.

விடுமுறை முடியும்வரை எஞ்சிய நாட்களில் அது என் கைக்கு வரவில்லை. மாமாவிடம் வந்தது, என்னைக் கண்டால் காதுகளைப் பின்னே மடக்கிற்று. ஆளறிந்து அஞ்சுமோ என்று யான் ஐயுற்றேன். கல்லூரிக்குத் திரும்பியபின் படித்தறிந்தேன். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினர். சினந்த முகத்தைக் கண்டபோது அவை பெரிதும் இடக்கண்ணாலேயே நோக்கின. நாடியும் விரைந்து துடித்தது. இது 2016-இல் வெளிவந்தது. 2018-இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், ஒருவரது சினந்த முகப்படத்தைக் கண்ட குதிரைகள், சில மணிநேரங்கழித்து அவரே சலனமற்ற முகத்துடன் நேரில் வந்தபோதும் எச்சரிக்கையுடன் நடந்துகொண்டன. படத்திற் கண்ட சினத்தையே நினைவில் வைக்குமாயின், கழுத்திற் கண்ட கயிற்றை எங்ஙனம் மறக்கும்?

1960-இல் நிறைவேறிய விலங்குவதைத் தடுப்புச் சட்டம், ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் முன்னின்று முயன்றதன் பயன். அச்சட்டம் அடிக்கும் கையிலிருந்து குதிரையை மீட்க உதவும். மீட்டவர் கை எத்தகையது என்பதைச் சட்டம் பாராது. இக்காலத்தில் மீட்கப்பட்ட விலங்குகளின் கதைகள் ஒருநிமிடப் படங்களாக வந்து குவிகின்றன. முதற் காட்சியில் நடுக்கம். அடுத்த காட்சியில் தழுவல். இடையிற் கழிந்த மாதங்களை எவரும் காண்பதில்லை. பார்ப்பவர் தாமும் ஒரு மாலையில் அதனைச் சாதிக்கலாமென்று எண்ணுகின்றனர். நாம் அதனை மீட்டோம் என்பது நமக்குத் தெரியும், குதிரைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம், புதிய இடம், புதிய கைகள் என்பதே. நன்றியை எதிர்பார்த்து அதன் அருகே செல்பவன் கடன்காரனைத் தேடிச் செல்பவனை ஒப்பான். யான் அவ்வாறுதான் சென்றேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் மீண்டும் அவ்வூர்க்குப் போயிருந்தேன். குதிரை இப்போது பகலிற் படுத்து உறங்குகின்றதென்று மாமா கூறினார். குதிரை நின்றபடியே கண்ணயரும்; ஆழ்ந்த உறக்கத்திற்குப் படுத்தே ஆகவேண்டும்; இடம் பாதுகாப்பானதென்று துணிந்தாலன்றிப் படாது. வந்த புதிதிற் பல வாரங்கள் அது படுத்ததை எவரும் கண்டதில்லை. யான் தோட்டத்துக்குப் போன காலை அது வேம்பின் நிழலிற் படுத்திருந்தது. மாமா முக்காலியிற் படித்துக்கொண்டிருந்தார். என் காலடி கேட்டதும் அஃது எழுந்துவிட்டது. ஒரு காதை என்பக்கம் திருப்பிச் சிறிது நேரம் நின்று, பின்பு புல்லில் வாய்வைத்தது. யான் இன்னொரு முக்காலியை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போய் உட்கார்ந்தேன்.