லித்தியம் உண்பவரின் உணவில் உப்பைக் குறைக்கலாமா?

இருமுனை மனநோய்க்கு லித்தியம் உண்பவரின் உணவில் உப்பைக் கூட்டுவதையோ குறைப்பதையோ வீட்டார் தாமாக முடிவு செய்யலாகாது என்பது என் உறுதியான கருத்து. இரத்த அழுத்தத்துக்கு அஞ்சி உப்பைக் குறைப்பது பொதுவாக நன்றே. இவருக்கு மட்டும் அது மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

காரணம் சிறுநீரகத்தில் இருக்கிறது. அது லித்தியத்தைப் பெரும்பாலும் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் சோடியம் குறைந்தால், அதை வெளியே விடாமல் மீட்டுக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் மீட்டுவிடும். மாத்திரையின் அளவு மாறாதிருந்தும் இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடுவது இவ்வாறே. திடீரென்று உப்பு மிகுந்தாலோ லித்தியம் கழிந்துபோய் நோய் மீளக்கூடும்.

அமெரிக்கர் இதை உயிர்களை இழந்தே அறிந்தனர். உப்பு விலக்கப்பட்ட இதய நோயாளிகளுக்கு அங்கே லித்தியம் குளோரைடு மாற்று உப்பாக விற்கப்பட்டது. 1949இல் சிலர் மாண்டபின் விற்பனை நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் பித்து நிலையைத் தணிப்பதை வெளியிட்டார்.

ராயகிரிப் பக்கத்தில் சித்திரை வெயிலில் வயலில் நிற்பவருக்கு வியர்வையோடு நீரும் உப்பும் கழிகின்றன. நீராகாரமும் மோரும் அவருக்கு மருந்தின் ஒரு பகுதியே. ஔவையார் நோன்பின் உப்பில்லாக் கொழுக்கட்டையால் ஓரிரவில் கேடு வந்துவிடாது. நாட்கணக்கில் உப்பை விலக்கும் விரதமே அச்சத்துக்குரியது. அதனினும் கொடியது வயிற்றுப்போக்கு. மூட்டுவலிக்கெனக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்குரிய சில மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றிவிடும். கைநடுக்கம் மிகுந்து, நடை தள்ளாடி, நாக்குழறினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இத்தகைய அறிகுறி ஏதுமின்றி மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறே.

கால்சியத்தைப் பற்றி வீட்டார் கேட்பதே அரிது. நெடுங்காலம் லித்தியம் உண்பவருள் சிலருக்குப் பாராதைராய்டு சுரப்பி மிகையாக இயங்கி, இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்துகிறது. சோர்வு, மலச்சிக்கல், மந்தம், ஓயாத தாகம் ஆகியவை தோன்றும். “பழைய மனச்சோர்வு திரும்பிவிட்டது” என்று வீட்டார் எண்ணிவிடுகிறார்கள்! லித்தியத்தின் அளவோடு கால்சியம், சோடியம், கிரியேட்டினின், தைராய்டு ஆகியவற்றையும் உரிய காலத்தில் பார்க்குமாறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தாகம் மிகுந்தவருக்குத் தண்ணீரை மறுக்கவும் வேண்டா.

சங்கரன்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ பேருந்தேறி வருவோருக்கு ஒன்று. கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து எடுத்த இரத்தமே சரியான அளவைக் காட்டும். இரவு 9 மணிக்கு விழுங்கினால் காலை 9 மணிக்கு இரத்தம் கொடுக்கலாம். காலை மாத்திரை உண்டெனில், அதை வீட்டில் விழுங்காமல் கையோடு கொண்டுவந்து, இரத்தம் கொடுத்தபின் விழுங்குங்கள்.