வடை உதிரவில்லை, பர்கர் ஏன் உதிர்கிறது?

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. ஊறவைத்த கடலைப்பருப்பை ஒன்றிரண்டாக அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டிக் காய்ந்த எண்ணெயில் போடுகிறார்கள். மசால் வடை முழு வடையாகவே வெளியே வருகிறது. அதில் முட்டை இல்லை, மைதா இல்லை, பசை எதுவும் இல்லை. பின் ஏன் அது எண்ணெயில் உதிர்வதில்லை?

இன்னொரு கேள்வி. ராஜ்மாவை நன்றாக வேகவைத்து மசித்து, அதே போல் தட்டித் தோசைக்கல்லில் போட்டுத் திருப்பினால் அது நான்கு துண்டாகிவிடுகிறது. வீட்டில் பீன்ஸ் பர்கர் செய்ய முயன்றவர்கள் பலர் இதைக் கண்டிருப்பார்கள். இரண்டுமே பயற்றினம்தான். ஒன்று ஒட்டுகிறது; மற்றது உதிர்கிறது. காரணம் என்ன?

"எல்லாம் கைப்பக்குவம்" என்று சொல்லி இந்தக் கேள்வியை நாம் வழக்கமாக முடித்துவிடுகிறோம். அப்படி முடிக்கக் கூடாது என்பதே என் கருத்து. செய்முறை தெரிந்து, காரணம் தெரியாமல் இருப்பது, சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு அது எங்கே பொருந்தும் என்று அறியாமல் இருப்பதைப் போன்றது. தேர்வில் அதனால் மதிப்பெண் குறையும். சமையலறையிலோ உடல்நலமே கெடக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

பர்கரை ஒட்டவைப்பது எது?

பர்கர் என்ற பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரின் பெயரிலிருந்து வந்தது. கொத்திய இறைச்சியை வட்டமான கட்லெட்டாகத் தட்டிச் சுட்டு, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தருவது அதன் முதல் வடிவம். பிறகு இறைச்சி உண்ணாதவர்களுக்கான பர்கர்களும் வந்தன. இறைச்சி மட்டுமல்லாமல் பால், முட்டை, தேன் ஆகியவற்றையும் விலக்குபவர்களைக் குறிக்க 'வீகன்' என்ற சொல் 1944-இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. அங்கே கிரகரி சாம்ஸ் என்பவர் 1982-இல் 'வெஜிபர்கர்' என்ற பெயரில் ஒரு தாவரக் கலவையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று பலரும் வீட்டிலேயே பீன்ஸில் பர்கர் செய்கிறார்கள்.

இறைச்சிக் கட்லெட் உதிராமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புரதம். முட்டை சேர்த்தாலும் அதே கதைதான். பச்சையாக இருக்கும்போது புரத மூலக்கூறுகள் நூற்கண்டுபோல் சுருண்டு கிடக்கின்றன. சூடு பட்டதும் கண்டு அவிழ்கிறது. நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி வலையாகின்றன. அந்த வலைதான் துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள். பொருள் பச்சையாகக் கல்லுக்குப் போய், அங்கேயே வெந்து இறுகுகிறது.

மசால் வடையும் அப்படித்தான். பருப்பை நாம் ஊறவைக்கிறோமே தவிர, வேகவைப்பதில்லை. பச்சையாக அரைக்கும்போது பருப்பின் செல்கள் கிழிபடுகின்றன. உள்ளே இருந்த புரதமும் மாவுப்பொருளும் வெளிவந்து துண்டுகளுக்கு இடையே பரவுகின்றன. எண்ணெயில் வேகும்போது மாவுப்பொருள் நீரை உறிஞ்சிப் பசையாகிறது; புரதமும் இறுகுகிறது. சோற்றுப் பருக்கையை நசுக்கித் தாளை ஒட்டியிருக்கிறீர்கள் அல்லவா? அதே பசைதான் இங்கேயும் வேலை செய்கிறது.

லெபனான், சிரியா, பாலஸ்தீனம் ஆகிய இடங்களில் ஃபலாஃபெல் என்றொரு பலகாரம் உண்டு. அதற்கும் கொண்டைக்கடலையை ஊறவைத்துப் பச்சையாகவே அரைக்கிறார்கள். வேகவைத்த கடலையை மசித்து உருட்டிப் போட்டால் அது எண்ணெயில் கரைந்து உதிர்ந்துவிடும். நம் வடையும் அவர்களுடைய ஃபலாஃபெலும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

ராஜ்மா ஏற்கெனவே வெந்துவிட்டது. அதன் புரதம் அவிழ்ந்து இறுகும் வேலையைக் குக்கருக்குள்ளேயே முடித்துவிட்டது. மாவுப்பொருளும் செல்லுக்குள்ளேயே வெந்து, செல்சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. வெந்த பயற்றை விரலால் மசித்தால் செல்கள் உடைவதில்லை. ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றன. அதனால்தான் அது மாவு மாவாக இருக்கிறதே தவிர, பசை போல் இருப்பதில்லை. பசை உறைக்குள் இருந்தால் தாள் ஒட்டுமா?

இங்கேதான் ஆபத்து

இவ்வளவும் படித்த ஒரு புத்திசாலி மாணவர் என்ன சொல்வார்? "அப்படியானால் ராஜ்மாவையும் வேகவைக்காமல், கடலைப்பருப்பைப் போல ஊறவைத்து அரைத்து வடையாகச் சுட்டுவிடலாமே!" தர்க்கம் அழகாக இருக்கிறது. ஆனால் இதைச் செய்யவே கூடாது.

பச்சை ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம் உண்டு. இது லெக்டின் வகையைச் சேர்ந்தது. இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஆற்றலைக் கொண்டு இதன் அளவைக் கணக்கிடுகிறார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தரும் விவரப்படி, பச்சைச் சிவப்பு ராஜ்மாவில் இது 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும். முழுமையாக வெந்த பிறகு 200 முதல் 400 அலகுதான் எஞ்சும். பச்சையாக நான்கைந்து பயறு தின்றாலே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் கடும் வாந்தியும் வரும், பிறகு வயிற்றுப்போக்கு. பிரிட்டனில் 1976 முதல் 1989 வரை இத்தகைய நச்சுணவு என்று ஐயுறப்பட்ட 50 நிகழ்ச்சிகளை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதில் இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 80 டிகிரி செல்சியஸ் அளவில் மட்டும் சூடாக்கினால் நச்சுத்தன்மை குறைவதற்குப் பதிலாக ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அதே நிர்வாகம் எச்சரிக்கிறது. அரைவேக்காடு பச்சையைவிட மோசம்!

"எண்ணெய் 180 டிகிரியில் இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். அது எண்ணெயின் வெப்பநிலை. வடையின் நடுப்பகுதியின் வெப்பநிலை அல்ல. உள்ளே ஈரம் இருக்கும்வரை நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அந்த 100 டிகிரியை நெருங்கவும் நேரம் பிடிக்கும். நெருங்குவதற்குள் வடை சிவந்துவிடும், நாமும் எடுத்துவிடுவோம். ராஜ்மாவுக்கு அது போதாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும் என்பது அந்நிர்வாகத்தின் அறிவுரை. நம் வீட்டுப் பிரஷர் குக்கரில் வெப்பநிலை சுமார் 120 டிகிரி வரை உயர்வதால் வேலை எளிதாகிறது. இந்தக் குக்கரின் முன்னோடியை 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் உருவாக்கினார்.

கடலைப்பருப்பிலும் கொண்டைக்கடலையிலும் இந்த லெக்டின் மிகக் குறைவு. அதனால்தான் வடை நமக்குத் தீங்கு செய்யவில்லை. நம் பாட்டிமார் லெக்டினைப் பற்றிப் படித்ததில்லை. ஆனால் எந்தப் பருப்பை எப்படிச் சமைப்பது என்பதைப் பல தலைமுறைகள் செய்து பார்த்து வழக்கமாக்கிவிட்டார்கள். ராஜ்மாவின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். மெக்சிகோ மக்கள் அதைப் பானையில் நெடுநேரம் வேகவைக்கிறார்கள். பஞ்சாபிலும் காஷ்மீரிலும் அப்படியே. அந்த ஊர்களின் வழக்கமே அங்குள்ளவர்களுக்குக் காவல். நம் ஊர் மளிகைக் கடைக்கோ ராஜ்மா மட்டும் வந்து சேர்ந்தது. வழக்கம் கூடவே வரவில்லை. பொருள் வேகமாகப் பயணம் செய்கிறது. அதைப் பற்றிய அனுபவ அறிவு மெதுவாகத்தான் வருகிறது. இடையில் நம்மைக் காக்கக்கூடியது காரண அறிவு ஒன்றுதான். "செடியிலிருந்து வந்தது, இயற்கையானது, தீங்கு செய்யாது" என்ற பேச்சு காக்காது.

உதிராத பர்கர்

சரி, ராஜ்மாவை வேகவைத்தே ஆக வேண்டும்; வெந்தால் ஒட்டாது. வழி என்ன? ஒட்டும் பொருளை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டும். கீழ்க்கண்ட அளவு எட்டுக் கட்லெட்டுக்குப் போதும்.

வேகவைத்து வடித்த ராஜ்மா 300 கிராம், வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராம், அரிசி மாவு 30 கிராம், வதக்கிய வெங்காயம் 50 கிராம், உப்பு 5 கிராம், ருசிக்கேற்ப மிளகு, சீரகப் பொடிகள்.

ராஜ்மாவில் மூன்றில் ஒரு பங்கை மிக்சியில் நைசாக அரையுங்கள். கத்தி செல்சுவரைக் கிழிப்பதால் அடைபட்ட பசை வெளியே வரும். மீதியைக் கையால் மசித்தால் போதும். அரிசி மாவு பச்சையாகச் சேர்கிறது. கல்லில் வெந்து பசையாகிறது. அதாவது வடையின் தந்திரத்தை அரிசி மாவின் மூலம் திரும்பக் கொண்டுவருகிறோம். பிசைந்த கலவையை அரை மணி நேரம் குளிரவிட்டுப் பிறகு தட்டுங்கள். கேழ்வரகுக் களி சூட்டில் குழைவாக இருந்து, ஆறியதும் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். வெந்த மாவுப்பொருள் ஆறும்போது இறுகும் என்பதுதான் காரணம்.

அடுத்தது நீர். ராஜ்மாவை வடித்தபின் வெறும் வாணலியில் சில நிமிடம் வறட்டுங்கள். 50 கிராம் மிகுதி நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீர் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 2,260 ஜூல். எனவே 1,13,000 ஜூல் தேவை. அடுப்பிலிருந்து வாணலிக்குள் 500 வாட் சேர்ந்தால் 226 விநாடி, அதாவது ஏறக்குறைய நான்கு நிமிடம் ஆகும். இந்த நீரைப் போக்காவிட்டால் கட்லெட் குழையும். மேற்புறம் சிவக்கவும் செய்யாது. ஏனெனில் ஈரம் உள்ளவரை மேற்பரப்பு 100 டிகிரியிலேயே நிற்கும். பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் வினை விரைவாக நடக்க 140 டிகிரி அளவு தேவை. 1912-இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிவியலாளர் மயார் பெயரால் அது மயார் வினை எனப்படுகிறது.

கட்லெட்டின் தடிமன் 1.5 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். வெப்பம் உட்செல்லும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்ப உயரும். தடிமன் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அதற்குள் வெளிப்புறம் கருகிவிடும்.

பரிசோதனை செய்து பாருங்கள்

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மூன்று கலவைகள் தயார் செய்யுங்கள். 'அ' வெறும் ராஜ்மா. 'ஆ' ராஜ்மாவும் உருளைக்கிழங்கும். 'இ' ராஜ்மாவும் அரிசி மாவும். ஒவ்வொன்றிலும் 60 கிராம் எடையுள்ள மூன்று கட்லெட்டுகள். ஒரே தடிமன், ஒரே தீ, பக்கத்துக்கு நான்கு நிமிடம். குக்கரும் அடுப்பும் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும்.

ஆறியதும் இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து, 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கட்லெட்டைப் பாலம்போல் வையுங்கள். அதன் நடுவே ஒரு காகிதக் கிண்ணத்தை வைத்து மெதுவாக அரிசியைக் கொட்டுங்கள். கட்லெட் ஒடிந்ததும் நிறுத்தி அரிசியை நிறுங்கள். மூன்று அளவீடுகளின் சராசரியை எழுதுங்கள். பிறகு அரிசி மாவின் அளவை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது ஆய்வின் முதல் விதி. எந்த அளவுக்கு மேல் வலிமை கூடி ருசி குறைகிறது என்பதை உங்கள் நாக்கே சொல்லும். பாலங்களையும் கட்டடத் தூண்களையும் சோதிக்கும் பொறியாளர் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

பள்ளியில் செய்முறைத் தேர்வு ஆண்டுக்கு ஒரு முறை. வீட்டிலோ தினமும் மூன்று வேளை வெப்பவியலும் வேதியியலும் நடக்கின்றன. தராசு, கடிகாரம், அடுப்பு எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. வேண்டியது ஒரு நோட்டுப் புத்தகம் மட்டுமே. "ஆண் பிள்ளைக்கு அடுக்களையில் என்ன வேலை?" என்று யாராவது கேட்டால், இயற்பியல் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். "சமையல் பெண்களுக்குத் தானாக வரும்" என்று யாராவது சொன்னால், எந்த அறிவும் தானாக வருவதில்லை என்று சொல்லுங்கள்.

புதிய பொருள் ஒன்றும், யாரோ சொன்ன செய்முறை ஒன்றும் இனியும் உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அப்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வேலையைச் செய்வது எது? ஒரு பொருளை மாற்றினால் வேறு என்ன மாறும்? வடைக்குச் சரியானது ராஜ்மாவுக்குச் சரியாகாது என்பதை இவ்விரண்டு கேள்விகளே உங்களுக்குச் சொல்லியிருக்கும்.