பெண்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் கல்லூரி இன்னும் தேவையா?

இந்த முறை கொஞ்சம் சண்டை வரக்கூடிய விஷயம்!

"எந்தக் காலத்துல இருக்கீங்க? ஆணும் பெண்ணும் சேர்ந்து படிச்சாத்தானே சமத்துவம் வரும்? கேர்ள்ஸ் ஸ்கூல், லேடீஸ் காலேஜ் எல்லாம் பழைய பஞ்சாங்கம்" என்று பலர் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், "பொம்பளப் புள்ளைங்களுக்கு அதுதான் பாதுகாப்பு, ஒழுக்கமா வளரும்" என்கிறார்கள். என்னைக் கேட்டால் பெண்களுக்கான தனிக் கல்வி நிலையங்கள் தேவை. ஆனால் இந்த இரண்டாவது கூட்டம் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

முதலில் மதிப்பெண் கதையை முடித்துவிடுவோம். பிளஸ் டூ ரிசல்ட் வரும்போதெல்லாம் தேர்வுத் துறை ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, இருபாலர் பள்ளி என்று தேர்ச்சி விகிதத்தைப் பிரித்துக் கொடுக்கும். பெண்கள் பள்ளிகள் இருபாலர் பள்ளிகளுக்கு மேலே இருக்கும். ஆண்கள் பள்ளிகள் கடைசியில் இருக்கும். உடனே "பார்த்தீர்களா, தனியாகப் படித்தால் நன்றாகப் படிக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவார்கள்.

வணிகவியல் படிக்கிறவளுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. 2024-ல் மாணவிகளின் மொத்தத் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்களுடையது 92.37 சதவீதம். எந்தப் பள்ளியில் படித்தாலும் பெண்கள்தான் முன்னால். இருபாலர் பள்ளியின் சராசரியில் பையன்களும் சேர்ந்திருக்கிறார்கள், அதனால் அது கீழே இறங்குகிறது. பெண்கள் பள்ளி மாணவியை இருபாலர் பள்ளி மாணவியோடு அல்லவா ஒப்பிட வேண்டும்? மொத்த விலையையும் சில்லறை விலையையும் பக்கத்தில் வைத்து லாபம் பார்த்த மாதிரி இருக்கிறது!

வெளிநாட்டு ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 21 நாடுகளில் 16 லட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. முறையாக ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் தனிப் பள்ளியால் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. ஆனால் டிரினிடாட் தீவு நாட்டில் 2010-ல், மதிப்பெண்ணில் பின்தங்கிய 20 இருபாலர் பள்ளிகளை ஒருபாலர் பள்ளிகளாக மாற்றினார்கள். அதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் கிராபோ ஜாக்சன், ஆண் பெண் இருவருமே முன்பைவிட நன்றாகத் தேறினார்கள் என்று கண்டார். ஆக, இடத்துக்கு இடம் மாறும் விஷயம் இது. அதனால் நம் ஊரை வைத்துத்தான் பேச வேண்டும்.

நம் ஊரில் முதல் கேள்வி, அந்தப் பெண் எத்தனை மதிப்பெண் வாங்குவாள் என்பது அல்ல. அவளைப் படிக்க அனுப்புவார்களா என்பதுதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எல்லோருக்கும் தெரியும். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி ஆண்கள் படித்த கல்லூரி. அதில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னரே தலையிட்டு இடம் கொடுத்தார். அவர் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவரானார். மிகப் பெரிய சாதனைதான். ஆனால் ஒரு பெண் படிப்பதற்கு ஒரு மன்னரின் உத்தரவு தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள்.

அதே 1886-ல் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு வயதிலேயே விதவையானவர். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். "நான் படித்துவிட்டேன், மற்றவர்களும் இப்படியே வரட்டும்" என்று அவர் இருந்துவிடவில்லை. குழந்தை விதவைகளுக்கு என்று தனி விடுதி தொடங்கி, பிறகு கடற்கரை ஐஸ் ஹவுஸில் அதை நடத்தினார். 1914-ல் சென்னையின் முதல் மகளிர் கல்லூரி (இன்றைய ராணி மேரி கல்லூரி) பிறந்தது. அசாதாரணமான ஒருத்தி எந்தக் கதவையும் உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சாதாரணமான நூறு பேருக்குத் திறந்த கதவு வேண்டும்.

அது நூறு வருடத்துக்கு முந்தைய கதை என்கிறீர்களா? கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள்.

ஒரு பக்கம் சிப்காட், உருக்காலைகள், ஷிப்ட் பஸ்கள். இன்னொரு பக்கம் லாரி ஓயாத நெடுஞ்சாலை. அருகில் உள்ள அரசுக் கல்லூரி பொன்னேரியில் இருக்கிறது, அது இருபாலர் கல்லூரி. நல்ல கல்லூரிதான், எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியது. ஆனால் சில வீடுகளில் "பசங்க படிக்கிற காலேஜா? வேண்டாம்" என்ற ஒரு வார்த்தையில் படிப்பு முடிந்துவிடும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு மிச்சம் இருக்கும் வழி, ரயில் ஏறிச் சுமார் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து சென்னைக்குப் போவது. பிராட்வேயில் இருக்கும் பாரதி மகளிர் கல்லூரி 1964-ல் தொடங்கியது. வடசென்னைப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அதுதான் பட்டத்துக்கான வாசல். அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டதும் அந்தக் கல்லூரியில்தான்.

அப்பா அம்மாவின் பயம் தப்பு என்று நான் வாதாடலாம். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் நான் ஜெயிப்பதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிடும்! அவர்கள் மனம் மாறும்வரை அவளுடைய மூன்று வருடங்கள் காத்திருக்காது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்லூரி வேண்டாம் என்று சொன்ன அதே வீடு, பிளஸ் டூ முடித்த பெண்ணைக் கம்பெனி வேலைக்கு அனுப்பி, ஹாஸ்டலில் தங்க வைக்கச் சம்மதிக்கிறது. ஏன்? சம்பளம் ஒரு காரணம். "அங்க எல்லாம் பொண்ணுங்கதான்" என்பது இன்னொரு காரணம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் பெண்கள் விடுதிகள் நிரம்பி வழிகின்றன. பெற்றோரின் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கல்வித் துறையும் அதைப் பயன்படுத்திக்கொண்டால் என்ன?

அடுத்து, உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இருபாலர் வகுப்பில் ஒரு விழா என்றால் மேடை கட்டுவது, மைக் செட்டுக்காரரிடம் பேரம் பேசுவது, பணத்தைக் கையாள்வது எல்லாம் பெரும்பாலும் பையன்கள் கைக்குப் போய்விடும். கோலம் போடுவது, குத்துவிளக்கு, வரவேற்புத் தட்டு பெண்களுக்கு. யாரும் சட்டம் போடவில்லை, தானாக நடக்கிறது. பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் அப்படித் தள்ளிவிட ஆளே கிடையாது! பெஞ்சைத் தூக்குவதும் அவள்தான், வரவு செலவு எழுதுவதும் அவள்தான், தேர்தலில் தோற்று அழுவதும் அவள்தான். சந்தேகம் கேட்க எழுந்து நிற்கும்போது பின்னால் யாரும் கிண்டல் செய்வார்களோ என்ற எண்ணமும் குறைகிறது.

"பெண்கள் கல்லூரியில் படித்தால் பயந்தாங்கொள்ளியாகிவிடுவார்கள், வெளி உலகத்தில் ஆண்களோடு எப்படி வேலை செய்வார்கள்?" என்று கேட்பவர்களுக்கு 2003-ஐ நினைவுபடுத்துகிறேன். ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தில் தலைமைச் செயலகம் கட்ட அன்றைய அரசு திட்டமிட்டது. மாணவிகள் வளாகத்தை விட்டு வெளியேற மறுத்துப் போராடினார்கள். பழைய மாணவிகளும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் திட்டம்தான் போனது, கல்லூரி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. பயந்தவர்கள் செய்கிற காரியமா இது?

எங்கள் பக்கத்து மின்சார ரயிலில் லேடீஸ் பெட்டி இருக்கிறது. அதில் ஏறுகிறவளுக்குப் பொதுப் பெட்டியில் போகத் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? அவளும் அதே ஸ்டேஷனில்தான் இறங்குகிறாள், அதே கூட்டத்தில்தான் நடக்கிறாள். சிலருக்கு லேடீஸ் பெட்டி இருப்பதால்தான் பயணமே சாத்தியமாகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மகளிர் கல்லூரி என்ற பெயரில் செல்போன் சோதனை, துப்பட்டா சோதனை, வாட்ச்மேனுக்குப் பயந்து நடப்பது என்று ஒரு சிறையை நடத்தினால் நான் மேலே சொன்ன எல்லாப் பலனும் போய்விடும். அதேபோல, பெண்கள் பள்ளி என்றால் சில குரூப்கள் மட்டும் போதும் என்று இயற்பியல், கணிதம், கணினி இல்லாமல் நடத்தினால் அது சலுகை அல்ல, ஏமாற்று. பூட்டு போடுவதற்காகத் தனி இடம் வேண்டாம். எல்லா வேலையையும் அவளே செய்து பழகுவதற்காகத்தான் வேண்டும்.

எல்லாப் பெண்களும் தனியாகத்தான் படிக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. 1962-ல் ஹன்சா மேத்தா குழு சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: தொடக்க நிலையில் சேர்ந்து படிக்கட்டும், அதற்கு மேல் எது வேண்டும் என்பதில் சுதந்திரம் இருக்கட்டும். சுதந்திரம் என்றால் இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் அல்லவா? கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகளுக்கு இடம் கிடைத்தது, ரோடு கிடைத்தது, கரண்ட் கிடைத்தது. ரயில் ஏறாமல் போய்வரும் தூரத்தில் ஓர் அரசு மகளிர் கல்லூரியும் கிடைக்கட்டும். அதற்குப் பிறகு எங்கே படிப்பது என்று அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?