முன்னிடம் விலைகொடுத்துக் கொள்ளுதல் தகுமோ?

அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் காற்பந்து என வழங்கும் ஆட்டத்திற் காலுக்குள்ள வேலை மிகச் சிறிது. முட்டை வடிவினதாகிய பந்தைக் கையிற் பற்றி ஓடுதலும் எறிதலுமே அங்குப் பெரும்பான்மை. ஆதலின் அப்பெயரை இடுகுறி என்று கொள்வதல்லது காரணப்பெயர் என்று கொள்ளுதல் இலக்கணம் பயில்வார்க்கு அரிதாகும். அவ்வாட்டத்தைத் தொழிலாக நடத்தும் தேசியக் காற்பந்துச் சங்கத்தில் இந்நாளில் 32 குழுக்கள் உள்ளன. கல்லூரிகளினின்று வரும் ஆட்டக்காரரை ஆண்டுதோறும் அக்குழுக்கள் முறைவைத்துத் தெரிந்துகொள்ளுதற்கு டிராப்ட் என்று பெயர். அதன்கண் எழும் ஒரு வினாவைக் குறித்தே யான் ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

1935-ஆம் ஆண்டிற் பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவின் உடைமையாளருள் ஒருவராகிய பெர்ட் பெல் என்பார், வலிய குழுக்களே நல்ல ஆட்டக்காரரை வாரிக்கொள்ள மெலிந்தவை மேன்மேலும் மெலிவதைக் கண்டு, கடைப்பட்ட குழு முதலிலும் தலைப்பட்ட குழு இறுதியிலும் தெரிந்துகொள்ளுமாறு ஒரு திட்டம் உரைத்தார். 1936-இல் அது முதன்முறை நடைபெற்றது. முதற்றெரிவு அவர் குழுவுக்கே வாய்த்தது! ஆனால் தெரியப்பெற்ற ஜே பெர்வாங்கர் அச்சங்கத்தில் ஓர் ஆட்டமும் ஆடினாரல்லர்.

வீழ்ந்தாரைத் தூக்கிவிடுதற்கென்றே அமைந்த முறை இது என்பதை நண்பர்கள் நினைவிற் கொள்க. நிற்க, ஒரு குழு தன் முறையைப் பிறிதொரு குழுவோடு மாற்றிக்கொள்ளலாம் என்றும் விதியுண்டு. தான் விரும்பும் இளைஞரைப் பிறர் முந்திக் கவர்வரோ என அஞ்சும் குழு, தன் இடத்தோடு வேறு சில இடங்களையும், வருமாண்டுகளின் இடங்களையுங்கூடக் கொடுத்து முன்னிடம் ஒன்றனைப் பெறும். இது தகுமோ? பெரும்பாலும் தகாது என்பதே என் துணிபு.

முதற்கண் விலையை நோக்குவோம். டல்லஸ் கௌபாய்ஸ் குழுவினர், ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராயிருந்த காலத்து, ஒவ்வோரிடத்திற்கும் மதிப்பெண் வகுத்து ஒரு பட்டி இயற்றினர். அதன்படி முதலிடத்திற்கு 3000, பத்தாம் இடத்திற்கு 1300, முப்பத்திரண்டாம் இடத்திற்கு 590. அஃதாவது, முதல்வர் ஒருவர் பின்வருவார் ஐவர்க்கு நிகர் என்பதாயிற்று. மாசி, தேலர் என்னும் அறிஞர் இருவர் பல்லாண்டுத் தெரிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையோ வேறு கூறுகின்றது. ஓர் ஆட்டநிலைக்கு முதலில் தெரியப்பட்டவர், அதே நிலைக்கு அடுத்துத் தெரியப்பட்டவரினும் சிறந்து விளங்குவது நூற்றுக்கு 52 முறையே என்பது அவர் கண்ட முடிபு. காசைச் சுண்டிப் பார்த்தலுக்கும் இதற்கும் வேற்றுமை எத்துணை? கொடுக்கும் விலை உறுதி. பெறும் பொருள் ஐயம்.

மெலிந்த குழு வருமாண்டின் இடத்தை விற்குங்கால் மற்றொரு கேடும் உண்டு. அவ்விடம் எத்துணை உயர்ந்தது என்பதை விற்கும்போது அது தானே அறியாது. 1999-இல் நியூ ஆர்லியன்ஸ் குழு, ரிக்கி வில்லியம்ஸ் என்னும் ஒருவர் பொருட்டு அவ்வாண்டில் தனக்கிருந்த இடங்கள் எல்லாவற்றையும், அடுத்த ஆண்டின் முதற்சுற்று மூன்றாஞ்சுற்று இடங்களையும் வாஷிங்டன் குழுவுக்கு ஈந்தது. வில்லியம்ஸ் திறமிலர் அல்லர். பதினொருவர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் என்செய்வார்? அவ்வாண்டில் 16 ஆட்டங்களுள் அக்குழு மூன்றே வென்றது. ஆகவே அது விற்ற முதற்சுற்றிடம் 2000-இல் இரண்டாம் இடமாகிய பெருஞ்செல்வமாய் வாஷிங்டனைச் சேர்ந்தது.

பிறர் பேதைமையால் அங்ஙனம் ஊதியம் பெற்ற வாஷிங்டன் குழுவே 2012-இல் அதே பிழையைச் செய்ததுதான் வியப்பு. ஆட்டத்தை நடத்திப் பந்தெறியும் தலைவராகிய குவார்ட்டர்பேக் ஒருவரை, ராபர்ட் கிரிபின் என்பாரை, வேண்டி ஆறாம் இடத்தினின்று இரண்டாம் இடத்திற்கு ஏறுதற்பொருட்டு, அவ்வாண்டின் முதலிரு சுற்றிடங்களையும் அடுத்த ஈராண்டுகளின் முதற்சுற்றிடங்களையும் கொடுத்தது. முதலாண்டிற் கிரிபின் பெரும்புகழ் எய்தினார். 2013 ஜனவரியிற் சியாட்டில் குழுவோடு ஆடுங்கால் அவர் முழங்கால் ஊறுபட்டது. அன்று வென்ற சியாட்டிலின் குவார்ட்டர்பேக் ரஸல் வில்ஸன், அதே 2012-இல் 75-ஆம் இடத்திலே தெரியப்பட்டவர். மறு பருவத்தில் வாஷிங்டனும் மூன்றே ஆட்டம் வென்றது. அது விற்ற 2014-ஆம் ஆண்டின் இடமும் இரண்டாம் இடமாகவே முடிந்தது!

இவ்விரு செய்திகளிலும் விலை கொடுத்த பயிற்சியாளர் யாவர் என்று பார்ப்பின் உண்மை புலனாகும். நியூ ஆர்லியன்ஸின் மைக் டிட்கா அப்பருவம் முடிந்தவுடன் நீக்கப்பட்டார். வாஷிங்டனின் மைக் ஷானஹன் 2013 டிசம்பரில் நீக்கப்பட்டார். கடன் பட்டவர் சென்றார், தீர்ப்பவர் பின்வந்தவர். தன் பதவி ஓராண்டில் முடியுமோ என்று அஞ்சுபவர்க்கு, மூன்றாண்டுகளுக்கு அப்பாலுள்ள இடம் ஒரு பொருளாகத் தோன்றுமோ?

"கான்ஸாஸ் சிட்டியை மறந்தனையோ?" என்று வினவுவார் உளர். மறந்திலேன். 2017-இல் அக்குழு 27-ஆம் இடத்தினின்று பத்தாம் இடத்திற்கு ஏறிப் பாட்ரிக் மஹோம்ஸைக் கொண்டது. அவரோடு 2020, 2023, 2024-ஆம் ஆண்டுகளில் சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியை வென்றது. ஆயின் அது முந்திய பருவத்தில் 12 ஆட்டம் வென்ற குழு. குவார்ட்டர்பேக்கும் ஒருவர் இருந்தார். அடுத்த ஆண்டின் முதற்சுற்றிடத்தை விற்றபோதும், தான் வலிமையோடிருத்தலின் அது பின்னிடமாகவே முடியும் என்று எதிர்பார்த்தல் அதற்குத் தகும். வாங்கிய இளைஞரை முதலாண்டிற் பெரும்பாலும் ஆடவிடாது பயிற்றவும் இயன்றது. அதே நாளிற் சிகாகோ குழு மூன்றாம் இடத்தினின்று இரண்டாம் இடத்திற்கு, ஒரே ஒரு படி ஏறுதற்கு, வேறு மூன்று இடங்களைக் கொடுத்து மிட்செல் டிருபிஸ்கியைக் கொண்டது. அப்பொழுது மஹோம்ஸ் தெரியப்படாதவராகவே இருந்தார். ஏறுதல் ஒன்றே, கண்கள் வேறு.

நிறைந்த குழு ஒரு குறை தீர்த்தற்கு ஏறுக என்பேன். வறிய குழுவோ தன் இடங்களைப் பெருக்கிக்கொண்டு பலரைத் தெரிதலே நன்று. வாஷிங்டன் குழு 2012-இல் நான்காஞ்சுற்றிலே, 102-ஆம் இடத்தில், கிர்க் கஸின்ஸ் என்னும் மற்றொரு குவார்ட்டர்பேக்கையும் தெரிந்துகொண்டிருந்தது. 2015-இல் அக்குழுவைத் தன் பிரிவில் முதலிடத்திற்குக் கொண்டுசென்றவர் அவரே; கிரிபின் அவ்வாண்டில் ஓர் ஆட்டத்திலும் களம் புகவில்லை.